இதய மருத்துவம்: சோதித்தறிதலும் கொண்டு சேர்த்தலும்

நம்மிடம் ஓதிப் பட்டம் பெற்று, இன்று ஒரு சிற்றூர்ப் பள்ளிவாசலில் இமாமாகப் பணியாற்றும் மாணவர் ஒருவர், சென்ற ஆண்டு ஒரு வியாழன் மாலை தம் தாய்மாமாவை அழைத்துக்கொண்டு நம் வீட்டிற்கு வந்தார். மாமா இரும்புக்கடை வைத்திருப்பவர். அறுபதை நெருங்கும் வயது. ஏழு மாதங்களுக்கு முன் மாரடைப்பு ஏற்பட்டு, மருத்துவமனையில் ஒரு வாரம் இருந்து மீண்டவர். அவர் கையில் பல பக்கங்கள் கொண்ட ஒரு படிவம் இருந்தது. புதிய இதய மருந்து ஒன்றைப் பற்றிய ஆய்வில் சேரச் சம்மதமா என்று கேட்டு மருத்துவமனையில் தந்தனுப்பிய ஒப்புதல் படிவம் அது.

"ஹஜ்ரத், இதுல சேர்ற பாதிப் பேருக்கு மருந்தாம், பாதிப் பேருக்கு வெறும் மாத்திரையாம். யாருக்கு எதுன்னு டாக்டருக்கே தெரியாதாம். தெரிஞ்சே ஒரு நோயாளிக்கு வெறும் மாத்திரையைக் கொடுக்கிறது ஏமாத்து இல்லையா? இதுல சேர்றது கூடுமா?" என்று அவர் கேட்டார்.

நியாயமான கேள்வி. ஆயினும் உடனே விடை கூற நம்மால் இயலவில்லை. ஒரு பொருளைக் குறித்த தீர்ப்பு அப்பொருளைச் சரிவர விளங்கிக்கொள்வதன் கிளையே என்பது உஸூல் கலை பயின்றோர் அனைவரும் அறிந்தது. நமக்கு ஆய்வு என்றால் என்னவென்றே தெளிவாகத் தெரியாது. மூன்று வாரம் தவணை கேட்டோம். நமக்கு நெடுநாள் பழக்கமான இதயநோய் மருத்துவர் ஒருவர் சில நூல்களையும் ஆய்வறிக்கைகளையும் தந்து, புரியாத இடங்களை விளக்கியும் உதவினார். அவ்வாறு படித்தறிந்தவற்றுள் நம் வாசகர்களுக்குப் பயன்படக்கூடியவற்றை இங்கே தருகிறோம். இது ஃபத்வா அன்று, விளக்கம் மட்டுமே.

மருந்தைச் சோதித்தே அறிய வேண்டும் என்ற எண்ணம் நம் முன்னோர்க்குப் புதிதன்று. அபூபக்ர் முஹம்மத் இப்னு ஸகரிய்யா அர்ராஸி தம் 'அல்ஹாவீ' எனும் பெருந்தொகுப்பில், மூளையுறைக் காய்ச்சலின் அறிகுறி கண்ட நோயாளிகளுள் ஒரு சாராருக்கு இரத்தம் வாங்கிச் சிகிச்சை செய்ததையும், மற்றொரு சாராருக்கு வேண்டுமென்றே அவ்வாறு செய்யாமல் விட்டதையும், இரு சாராருக்கும் நேர்ந்ததை ஒப்பிட்டுப் பார்த்ததையும் குறித்து வைத்திருக்கிறார். இதயத்திற்குரிய மருந்துகளைப் பற்றி 'அல்அத்வியத்துல் கல்பிய்யா' எனத் தனி நூலே எழுதிய இப்னு சீனா, தம் 'கானூன்' நூலின் இரண்டாம் பாகத்தில் மருந்தைச் சோதிப்பதற்கான நிபந்தனைகளை வகுத்துள்ளார். சிங்கத்திடமோ குதிரையிடமோ சோதித்து விட்டு மனிதனுக்கும் அப்படித்தான் என முடிவு கட்டலாகாது, மனித உடலிலேயே சோதிக்க வேண்டும் என்பது அவற்றுள் ஒன்று.

இவற்றைக் கூறியதும், "எல்லாம் நம்மவர்கள் அன்றே கண்டதுதான்" என்று பெருமூச்சு விடும் பழக்கம் நம்மிடையே உண்டு. அது பொருத்தமன்று. அர்ராஸி செய்தது ஓர் அருமையான தொடக்கம், அவ்வளவே. எவருக்கு இரத்தம் வாங்குவது, எவரை விடுவது என்பதை அவரே தேர்ந்தெடுத்தார். நன்கு தேறக்கூடியவர்கள் ஒரே பக்கம் சேர்ந்துவிட்டால் ஒப்பீடு பழுதாகிவிடும். இந்த ஓட்டையை அடைக்கும் வழி சீட்டுக் குலுக்கல்தான் என்பது இருபதாம் நூற்றாண்டில்தான் மருத்துவத்தில் நிலைபெற்றது. 1948இல் பிரிட்டனில் காசநோய்க்கான ஸ்ட்ரெப்டோமைசின் மருந்தைப் பற்றி வெளியான அறிக்கை இம்முறையின் முன்னோடி. நோயாளிகளைக் குலுக்கல் முறையில் இரண்டாகப் பிரித்துவிட்டால், வயது, வறுமை, நோயின் கடுமை, நாம் அறியாத வேறு காரணங்கள் யாவும் ஏறத்தாழ இரு பக்கமும் சமமாகிவிடும். மிஞ்சும் வேறுபாடு மருந்து ஒன்றே. யாருக்கு எது என்பதை மருத்துவரும் அறியாமல் வைப்பது, அவருடைய விருப்பு வெறுப்பு கணக்கில் கலந்துவிடாமலிருக்க.

இத்தனை கட்டுப்பாடு தேவைதானா? அனுபவமும் அறிவும் மிக்க மருத்துவர் தம் சிந்தனையால் நல்ல மருந்தை அடையாளம் காண மாட்டாரா? இக்கேள்விக்கு இதய மருத்துவம் தன் சொந்த வரலாற்றிலிருந்து தரும் விடை நம்மை உலுக்கிவிட்டது.

மாரடைப்பிலிருந்து பிழைத்தவர்களுள் சிலருக்கு இதயத்தின் கீழறைகளில் முறை தவறிய முந்து துடிப்புகள் தோன்றும். இவை மிகுதியாக உள்ளவர்கள் பின்னாளில் திடீரென இறப்பது அதிகம் என்பது 1970களிலும் 80களிலும் நன்கு அறியப்பட்டிருந்தது. முந்து துடிப்பை அடக்கும் மருந்துகளும் வந்தன. ஃபிளெகைனைடு, என்கைனைடு ஆகிய இரண்டும் 1980களின் நடுவில் அமெரிக்காவில் அனுமதி பெற்றன. ஈ.சி.ஜி. எடுத்துப் பார்த்தால் தாறுமாறான துடிப்புகள் மறைந்து சீரான கோடு ஓடும். அதைக் கண்ணாரக் கண்ட மருத்துவருக்கு ஐயம் எப்படி வரும்? துடிப்பு மரணத்திற்குக் காரணம், மருந்து துடிப்பை அடக்குகிறது, ஆகவே மருந்து மரணத்தைத் தடுக்கும் என்பதே அன்றைய கியாஸ். இம்மருந்துகளைச் சிலருக்குக் கொடாமல் வெற்று மாத்திரை கொடுத்துச் சோதிப்பது அறமன்று எனக் கருதிய மருத்துவர்களும் இருந்தனர். இரும்புக்கடை மாமா கேட்ட அதே கேள்வி!

எனினும் அமெரிக்க அரசின் தேசிய இதய, நுரையீரல், இரத்த நிறுவனம் 1987இல் அந்த ஆய்வைத் தொடங்கியது. 'காஸ்ட்' என்ற சுருக்கப் பெயரால் அது அறியப்படுகிறது. முதலில் மருந்தைக் கொடுத்துப் பார்த்து, துடிப்பு உண்மையிலேயே அடங்குகிறது என்று உறுதியானவர்களை மட்டுமே குலுக்கலில் சேர்த்தனர். அதாவது, மருந்து நன்கு வேலை செய்கிறது என எந்த மருத்துவரும் மகிழக்கூடிய நோயாளிகள் மட்டுமே. இவ்விரு மருந்துகளுள் ஒன்றைப் பெற்றோர் 755 பேர்; வெற்று மாத்திரை பெற்றோர் 743 பேர். சராசரியாகப் பத்து மாதங்களில், வெற்று மாத்திரை பெற்றவர்களுள் 26 பேர் இறந்தனர். மருந்து பெற்றவர்களுள் 63 பேர் இறந்தனர்.

கண்காணிப்புக் குழு 1989 ஏப்ரலில் ஆய்வின் அப்பகுதியை நிறுத்தியது. முந்து துடிப்பு அடங்கியது உண்மை. நோயாளி இறந்ததும் உண்மை. நம் கலையின் சொற்களில் கூறுவதானால், முந்து துடிப்பு வெறும் 'அலாமத்' (அடையாளம்). மருத்துவர்கள் அதை 'இல்லத்' (காரணம்) என எடுத்துக்கொண்டனர். அடையாளத்தைத் துடைத்தெறிந்தால் விளைவும் அகன்றுவிடும் என நம்பினர். மருந்தோ, காயம்பட்ட இதயத்தில் வேறு வகையான, உயிர் குடிக்கும் துடிப்புக் கோளாற்றைத் தானே உண்டாக்கியது. கியாஸின் நிபந்தனைகளை ஆண்டுக்கணக்காக ஓதிக் கொடுத்துவரும் நமக்கு, இல்லத்தைத் தவறாகக் கண்டால் என்ன நேரும் என்பதற்கு இதைவிடக் கொடிய உதாரணம் எந்தக் கிதாபிலும் கிட்டியதில்லை. (ஃபிளெகைனைடு இன்றும் பயன்பாட்டில் உண்டு. ஆனால் வேறு துடிப்புக் கோளாறுகளுக்கு, மாரடைப்பால் தழும்பேறாத இதயமுடையோருக்கு.)

இதற்குப் பின்னிணைப்பாக ஒரு செய்தி. இதே இனத்தைச் சேர்ந்த லோர்கைனைடு என்ற மருந்தை 1980 அளவில் இங்கிலாந்தில் 95 நோயாளிகளிடம் ஒரு குழுவினர் சோதித்தனர். மருந்து பெற்ற 48 பேரில் ஒன்பது பேர் இறந்தனர். பெறாத 47 பேரில் ஒருவர். அதை அவர்கள் தற்செயல் எனக் கருதினர். வணிகக் காரணங்களால் அம்மருந்து கைவிடப்பட, முடிவும் அச்சேறாமல் கிடந்தது. 1993இல்தான் அதை வெளியிட்டு, முன்பே வெளியிட்டிருந்தால் அது ஒரு முன்னெச்சரிக்கையாக இருந்திருக்கக்கூடும் என அவர்களே ஒப்புக்கொண்டனர். அறிந்ததை அறிவிக்காமல் விடுவதன் பாரத்தை நம் வாசகர்களுக்கு நாம் விளக்க வேண்டியதில்லை. இன்று ஆய்வைத் தொடங்கும் முன்பே பொதுப்பதிவேட்டில் பதிய வேண்டும் என்ற விதி இருப்பது இத்தகைய மறைவுகளைத் தடுக்கவே. இந்தியாவில் அத்தகைய பதிவேடு 2007இல் தொடங்கப்பட்டு, 2009 முதல் பதிவு கட்டாயமாக்கப்பட்டது.

சோதனை ஒரு மருந்தை வீழ்த்துவதைப் போலவே மற்றொன்றை உயர்த்தவும் செய்யும். மாரடைப்பு என்பது இதயத் தசைக்கு இரத்தம் கொண்டு செல்லும் தமனி, உறைந்த இரத்தக் கட்டியால் அடைபடுவது. அடைபட்ட பகுதிக்கு அப்பாலுள்ள தசை நிமிடந்தோறும் சிறிது சிறிதாக மடிகிறது. கட்டியைக் கரைக்கும் ஸ்ட்ரெப்டோகைனேஸ் ஊசியும், சாதாரண ஆஸ்பிரின் மாத்திரையும் பயன் தருமா என அறிய ஆக்ஸ்ஃபோர்டைத் தலைமையிடமாகக் கொண்டு 16 நாடுகளின் 417 மருத்துவமனைகளில் ஓர் ஆய்வு நடந்தது. சேர்ந்தவர்கள் 17,187 பேர். 1988 ஆகஸ்டில் முடிவு வெளியாயிற்று. இரண்டும் பெறாதவர்களுள் ஐந்து வாரத்தில் இதய, இரத்தக்குழாய் நோயால் இறந்தோர் நூற்றுக்கு 13.2. இரண்டும் பெற்றவர்களுள் 8.0. ஆஸ்பிரின் மட்டுமே ஸ்ட்ரெப்டோகைனேஸுக்கு ஏறத்தாழ நிகரான பயனைத் தந்தது. காலணா மாத்திரை என நாம் ஏளனமாக எண்ணும் அதே ஆஸ்பிரின்.

இவ்வாய்வின் அறிக்கையில் சுவையான ஒரு பகுதி உண்டு. மொத்தத்தில் பயன் தெரிகிறது, சரி. எந்தெந்த வகையினருக்குப் பயன், எவருக்கு இல்லை எனப் பிரித்துக் காட்டுங்கள் என்று இதழாசிரியர்கள் கேட்டனர். கூறு போடக் கூறு போடத் தற்செயலே உண்மையின் வேடம் பூண்டு வரும் என்பதை அறிந்த ஆய்வாளர்கள், நோயாளிகளைப் பிறந்த இராசிப்படியும் பிரித்துக் காட்டினர். மிதுனத்திலும் துலாத்திலும் (அரபியில் ஜவ்ஸா, மீஸான்) பிறந்தோருக்கு ஆஸ்பிரின் பயனில்லை, சற்றே கெடுதி. ஏனைய இராசியினருக்குப் பெரும் பயன் என்று வந்தது! சோதிடத்தை மறுக்க இதைவிட நயமான பகடி ஒன்றை நாம் கண்டதில்லை. "எங்கள் ஊர்க்காரர் ஒருவருக்கு இது ஒத்துக்கொள்ளவில்லை" என்பதைக் கொண்டு மருந்தையே கைவிடுவோர் இதைச் சிந்திக்க வேண்டும்.

இதுவரை கூறியது சோதித்தறிதல் பற்றி. இனி இரண்டாம் பகுதிக்கு வருகிறோம். நம்மை அதிகம் வருத்தியது இதுவே. அறிந்தது நோயாளியைத் தானாகச் சென்று சேர்வதில்லை.

ஸ்ட்ரெப்டோகைனேஸைக் குறித்து 1959 முதல் 1988 வரை 33 ஆய்வுகள் நடந்திருந்தன. 1992இல் அமெரிக்க ஆய்வாளர்கள் சிலர் அவற்றை ஆண்டு வரிசையில் ஒன்றன்பின் ஒன்றாகக் கூட்டிப் பார்த்தனர். மருந்து உயிரைக் காக்கிறது என்பது எட்டு ஆய்வுகள், 2,432 நோயாளிகள் முடிந்த நிலையில், 1973லேயே கணக்கில் தெளிவாகியிருந்தது. அதன் பின் நடந்த 25 ஆய்வுகளும் 34,542 நோயாளிகளும் அந்த முடிவை உறுதிப்படுத்தினார்களே தவிர மாற்றவில்லை. அவ்வளவு பேரில் ஏறத்தாழப் பாதிப் பேருக்கு மருந்து கிடைக்கவில்லை என்பதை நினைக்க மனம் கனக்கிறது. சிறு ஆய்வுகளைக் கூட்டிக் கிடைத்த முடிவை மருத்துவ உலகம் நம்பத் தயங்கியது, பெரிய ஆய்வுகள் வந்த பிறகே செயலில் இறங்கியது என்ற நியாயமும் உண்டு. அந்நியாயத்தை நாம் முற்றாகத் தள்ளவில்லை. ஆனால் அதே காலத்தில் எழுதப்பட்ட பாடநூல்களுள் பெரும்பாலானவை, ஆதாரம் திரண்டு பத்தாண்டு கடந்தும் இம்மருந்தைப் பரிந்துரைக்கவில்லை என்பதற்கு என்ன நியாயம் கூறுவது? பழைய ஷரஹுகளையே மீண்டும் மீண்டும் படியெடுக்கும் பழக்கம் நம் மதரஸாக்களுக்கு மட்டும் உரியதன்று போலும்.

அடுத்து, காலம். இத்தாலியில் 176 இதயச் சிகிச்சைப் பிரிவுகளில் 11,000க்கும் மேற்பட்ட நோயாளிகளிடம் நடந்து 1986இல் வெளியான ஆய்வில், வலி தொடங்கி ஒரு மணி நேரத்திற்குள் ஊசி பெற்றவர்களின் மரணம் ஏறத்தாழப் பாதியாகக் குறைந்திருந்தது. ஆறு மணி நேரம் கடந்து பெற்றவர்களிடம் குறிப்பிடத்தக்க பயனே காணப்படவில்லை. ஒரே மருந்து, ஒரே அளவு. கடிகாரம் மட்டுமே வேறு.

பின்னர், பலூனால் அடைப்பை நீக்கும் ஆஞ்சியோபிளாஸ்டி, ஊசியைக் காட்டிலும் சிறந்தது என நிறுவப்பட்டது. ஆனால் அதற்குரிய குழுவைத் திரட்டி, கூடத்தைத் திறந்து, பலூனை விரிப்பதற்குள் நேரம் கரைந்துவிடும். மருத்துவமனை வாயிலில் நுழைந்ததிலிருந்து 90 நிமிடங்களுக்குள் இது நடந்தாக வேண்டும் என்று அமெரிக்காவில் இலக்கு வைத்தனர். 2006இல் 365 மருத்துவமனைகளின் நடைமுறையை ஆராய்ந்து, எவை நேரத்தை மிச்சப்படுத்துகின்றன எனக் கண்டனர். அங்கே கிடைத்தது புதிய கருவியோ புதிய மருந்தோ அன்று. இதயநோய் நிபுணர் வந்து பார்க்கும்வரை காத்திராமல் அவசரப் பிரிவு மருத்துவரே குழுவை அழைத்தால் சுமார் எட்டு நிமிடம் மிச்சம். ஒவ்வொருவராக அழைக்காமல் ஒரே தொலைபேசி அழைப்பில் அனைவரையும் அழைத்தால் சுமார் பதினான்கு நிமிடம். குழுவினர் அரை மணிக்கு மேல் அல்லாமல் இருபது நிமிடத்திற்குள் வந்து சேர வேண்டும் என விதித்தால் சுமார் பத்தொன்பது நிமிடம். ஒரு தொலைபேசி அழைப்பு ஓர் உயிர்காக்கும் சிகிச்சை ஆகிவிடுகிறது. நாம் மருத்துவ ஆராய்ச்சி என்றால் குடுவையும் நுண்ணோக்கியும் என்றே எண்ணியிருந்தோம். வேலை எப்படிப் பங்கிடப்படுகிறது என்பதையும் அதே கறாருடன் அளந்தறிய முடியும் என்பது நமக்குப் புதிய பாடம்.

அந்த அளவுகோல் தன்னையே அளந்தபோது மற்றொரு பாடம் கிடைத்தது. 2013இல் வெளியான ஓர் ஆய்வு, 2005 முதல் 2009 வரையிலான நான்கு ஆண்டுகளில் அமெரிக்க மருத்துவமனைகளில் இந்த நேரம் 83 நிமிடத்திலிருந்து 67 நிமிடமாகக் குறைந்ததைக் காட்டியது. ஆனால் மருத்துவமனையில் நிகழும் மரணமோ ஏறத்தாழ அப்படியே இருந்தது. ஏன் என்பதில் கருத்து வேறுபாடு உண்டு. முன்பைவிடக் கடுமையான நோயாளிகள் இச்சிகிச்சைக்கு வந்ததே காரணம் என்பார் சிலர். வாயிலுக்கு உள்ளே நடப்பதை மட்டும் அளந்தால் போதாது, வாயிலுக்கு வெளியே வீட்டிலும் வழியிலும் கழிந்த நேரமே பெரிது என்பது மற்றொரு விளக்கம்.

நம் நாட்டிற்கு வந்தால் இந்த இரண்டாம் விளக்கத்தின் எடை கூடுகிறது. கேரளத்தின் கொட்டாரக்கரையில் பிறந்து, பெங்களூரில் மருத்துவம் பயின்று, ஆக்ஸ்ஃபோர்டில் மேற்கூறிய பெரும் ஆய்வுகளுக்கு அடித்தளமிட்டவர்களுள் ஒருவராகி, பின் கனடாவில் பணியாற்றிய டாக்டர் சலீம் யூசுஃபும், பெங்களூர் செயின்ட் ஜான்ஸ் மருத்துவக் கல்லூரி அறிஞர்களும் இணைந்து, இந்தியாவின் 50 நகரங்களில் 89 மருத்துவமனைகளிலிருந்து 20,937 மாரடைப்பு மற்றும் கடும் நெஞ்சுவலி நோயாளிகளின் விவரங்களைத் திரட்டி 2008இல் வெளியிட்டனர். வலி தொடங்கி மருத்துவமனை வந்து சேர நடுத்தரமாக ஆன நேரம் 360 நிமிடம். ஆறு மணி நேரம்! உள்ளே வந்தபின் ஊசி போட ஆன நேரம் 50 நிமிடமே. அதாவது, மருத்துவமனைக்குள் கழிந்ததைப்போல் ஏழு மடங்குக்கும் மேலான நேரம் வெளியே கழிந்திருக்கிறது. நம் மஹல்லாவில் நெஞ்சு வலிக்கிறது என்றதும் முதலில் நினைவுக்கு வருவது வாயு, அடுத்து வருவது சோடா, பிறகு ஓமத்தண்ணீர், விடியட்டும் பார்க்கலாம் என்பது அதற்கும் பிறகு. இப்படி விடியாமலே போன இருவரின் ஜனாஸாவை நாம் தொழவைத்திருக்கிறோம்.

அதே அறிக்கையின் மற்றொரு முடிவை நாம் பலமுறை திரும்பத் திரும்பப் படித்தோம். முப்பது நாள்களுக்குள் இறந்தோர், வசதி படைத்தவர்களில் நூற்றுக்கு 5.5, ஏழைகளில் 8.2. ஏழைகளின் உடல் நலிந்தது, நோய் முற்றியபின் வருகிறார்கள், அதனால்தான் என்று நாம் கூறிவிடுவோம். ஆய்வாளர்கள் அதையும் கணக்கிட்டனர். நோயின் தன்மையிலுள்ள வேறுபாடுகளைச் சமன் செய்து பார்த்தபோது இடைவெளி மறையவில்லை. பெற்ற சிகிச்சையிலுள்ள வேறுபாட்டைச் சமன் செய்தபோது மறைந்துவிட்டது. ஆஞ்சியோபிளாஸ்டிக்குப் பெரும்பணம் தேவை. அது ஒருபுறம் இருக்கட்டும். கட்டி கரைக்கும் ஊசியும், கொழுப்பைக் குறைக்கும் மாத்திரையும்கூட ஏழைக்குக் குறைவாகவே எழுதித் தரப்பட்டிருந்தன.

வீடு திரும்பிய பிறகு? டாக்டர் யூசுஃப் தலைமையில் 17 நாடுகளின் 628 ஊர்களிலும் நகர்ப் பகுதிகளிலும் நடந்து 2011இல் வெளியான மற்றோர் ஆய்வு, மாரடைப்போ பக்கவாதமோ வந்து பிழைத்தவர்களின் வீட்டிற்கே சென்று, என்ன மருந்து உட்கொள்கிறீர்கள் எனக் கேட்டது. ஆஸ்பிரின், பீட்டா பிளாக்கர், ஸ்டேட்டின், இரத்த அழுத்த மாத்திரை என நிரூபணமான மருந்துகளுள் ஒன்றைக்கூட எடுக்காதவர்கள் செல்வ நாடுகளில் நூற்றுக்குப் பதினொருவர். இந்தியா உள்ளிட்ட குறைந்த வருவாய் நாடுகளில் எண்பது பேர். இம்மருந்துகள் யாவும் காப்புரிமைக் காலம் கடந்தவை அல்லது கடந்துகொண்டிருந்தவை.

தமிழகத்தில் இதற்கு முயற்சி இல்லாமலில்லை. 2012 முதல் 2014 வரை இதய மருத்துவர்கள் சிலர் அரசின் ஒத்துழைப்புடன் ஒரு திட்டத்தை நடத்திப் பார்த்தனர். ஒரு பெரிய மருத்துவமனையை மையமாகவும் சுற்றியுள்ள சிறிய மருத்துவமனைகளைச் சக்கரத்தின் ஆரங்களாகவும் கொண்டு நான்கு தொகுதிகளை அமைத்தனர். சிற்றூர் மருத்துவமனையில் எடுத்த ஈ.சி.ஜி. கருவி வழியாக மையத்திற்குச் செல்லும்; அங்குள்ள நிபுணர் பார்த்துச் சொல்வார். உடனே ஆஞ்சியோபிளாஸ்டிக்கு எட்டாத தொலைவென்றால், அங்கேயே ஊசி போட்டுக் கட்டியைக் கரைத்து, பின் 108 ஊர்தியில் மையத்திற்கு அனுப்புவர். செலவை ஏழைகளுக்கு முதலமைச்சர் காப்பீட்டுத் திட்டம் ஏற்றது. மொத்தம் 2,420 நோயாளிகள். மருத்துவமனையில் நிகழ்ந்த மரணத்தில் வேறுபாடில்லை; ஆனால் ஓராண்டுக்குள் இறந்தோர் நூற்றுக்கு 17.6இலிருந்து 14.2ஆகக் குறைந்தனர். இது குலுக்கல் ஆய்வன்று, திட்டத்திற்கு முன்னும் பின்னும் ஒப்பிட்டதே என்பதை நாம் மேலே கூறியவற்றின் ஒளியில் வாசகர்கள் கவனிக்க வேண்டும். ஆயினும் இதன் ஆசிரியர்கள் எண்ணிப் பார்த்தனர், குறையையும் மறைக்காமல் வெளியிட்டனர். நம் நாட்டில் திறப்புவிழாவோடு முடிந்துவிடும் திட்டங்களே மிகுதி. அவற்றிடையே இது அரிது. பின்னர் 2021இல் இரத்த அழுத்தம், நீரிழிவு மாத்திரைகளை வீட்டிற்கே கொண்டு தரும் 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டமும், 2023இல் ஆரம்ப சுகாதார நிலையங்களிலேயே மாரடைப்புக்கு முதல் வேளை மாத்திரைகளைக் கொடுத்து அனுப்பும் 'இதயம் காப்போம்' திட்டமும் தொடங்கப்பெற்றன.

மூன்று வாரம் கழித்து மாணவரும் மாமாவும் வந்தனர். நாம் அறிந்தவற்றைச் சொன்னோம். வெற்று மாத்திரை கிடைக்கலாம் என்பதைப் படிவமே முதற்பக்கத்தில் எழுதி, அறிந்து சம்மதிக்கிறாயா எனக் கேட்கிறது. மறைக்கப்படாத ஒன்றை ஏமாற்று என்பது கடினம். வழக்கமான சிகிச்சை இரு சாராருக்கும் தொடரும். புதிய மாத்திரையோ வெற்று மாத்திரையோ அதற்கு மேல் சேர்வதுதான். புதிய மருந்து நல்லது என்று எவருக்கும் இன்னும் தெரியாது. தெரிந்திருந்தால் சோதிக்க வேண்டியதில்லை. 'காஸ்ட்' ஆய்வில் குலுக்கலில் அதிர்ஷ்டசாலியாக இருந்தவர் வெற்று மாத்திரை பெற்றவரே என்பதையும் விளக்கினோம். எப்போது வேண்டுமானாலும் விலகிக்கொள்ளும் உரிமை உண்டு. அவர் கூர்ந்து கேட்டார். படிவத்தில், வழக்கமான சிகிச்சை தொடர வேண்டும் என்ற வரியை நாம் விரலால் காட்டியபோதுதான் தயங்கினார்.

"எந்த மாத்திரை ஹஜ்ரத்? ஆஸ்பத்திரியில எழுதிக் கொடுத்தாங்களே, அதுவா? நல்லாத்தானே இருக்கேன்னு மூணாம் மாசமே நிறுத்திட்டேன். டாக்டர் கேட்டப்போ சாப்பிடுறேன்னுதான் சொன்னேன்; திட்டுவாருன்னு பயம்."

மருமகன் திடுக்கிட்டுப் பார்த்தார். நமக்கு அதைவிட அதிர்ச்சி. கூடுமா கூடாதா என்று மூன்று வாரம் நாம் நூல்களைப் புரட்டிக்கொண்டிருந்தோம். அந்த மூன்று வாரமும் அவர் மாத்திரையின்றி இருந்திருக்கிறார். முதல் நாளே கேட்டிருக்க வேண்டியதை நாம் கேட்கவில்லை. படிவத்தை மடித்து வைத்துவிட்டு, அந்த எண்பது பேரைப் பற்றிய கணக்கை அவருக்குச் சொன்னோம். நிறுத்தியதை மறைக்காமல் மருத்துவரிடம் சொல்லி, அவர் சொற்படி மீண்டும் தொடங்க வேண்டும் என்றோம்.

மறுநாள் காலையே மருமகன் அவரை அழைத்துச் சென்றார். மருத்துவர் திட்டவில்லையாம். நான்கு மாத்திரைகளை மீண்டும் எழுதிக் கொடுத்து, அரசு மருத்துவமனையில் இவை விலையின்றிக் கிடைக்கும் என்பதையும் சொல்லி அனுப்பியிருக்கிறார். ஆய்வில் சேர்வதைப் பற்றி மாமா இன்னும் வீட்டாரிடம் கலந்துகொண்டிருக்கிறார்.